எபிரேய விவிலியத்தின் அழிவு, தண்டனைச் சொற்களும் மறுமை குறித்த விவாதங்களும்: ஒரு சொற்பொருள் வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தீயோர் இறந்தபின் அடையும் நிலை யாது என்ற வினாவிற்கு யூத, கிறித்தவ மரபுகளில் மூன்று விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. முடிவிலா வேதனை என்பது ஒன்று. முற்றழிவு என்பது மற்றொன்று. தண்டனைக்குப்பின் மீட்சி என்பது மூன்றாவது. மூன்று தரப்பினரும் எபிரேய விவிலியத்தின் ஆவத், ஷாமத், காரத், ஷஹத், பாகத், ஓலாம் முதலிய சொற்களையே சான்றாகக் காட்டுகின்றனர். இச்சொற்கள் தோன்றிய சூழலில் எப்பொருளைத் தந்தன, இரண்டாம் கோயில் காலந்தொட்டு அவை எவ்வாறு மறுமைக் கலைச்சொற்களாயின, பிற்கால விவாதங்களில் எவ்வாறு கையாளப்பட்டன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அகராதிப் பொருளை மட்டும் கொண்டு இவ்விவாதத்தைத் தீர்க்க இயலாது என்பதும், சொற்பொருள் மாற்றத்தின் வரலாறே இவ்விவாதத்தை விளக்கவல்லது என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: எபிரேயம், அபத்தோன், காரேத், ஷெயோல், கேஹின்னோம், ஓலாம், தால்மூத், மைமோனிடஸ், மறுமை.

1. முன்னுரை

சமய நூல்களின் சொற்களுக்குப் பொருள் காணும் முயற்சியில் இருவகை இடர்ப்பாடுகள் நேர்கின்றன. பிற்காலக் கோட்பாட்டை முற்காலச் சொல்லின்மீது ஏற்றிக் காண்பது முதல் வகை. சொல்லின் வேர்ப்பொருளே எல்லாக் காலத்திற்கும் உரிய பொருள் எனக் கொள்வது இரண்டாம் வகை. எபிரேய விவிலியத்தின் அழிவுச் சொற்கள் பற்றிய ஆய்வுகளில் இவ்விரண்டும் மிகுதியாகக் காணப்படுகின்றன. 'அழிதல்' என்று நூல் கூறுவதால் தீயோர் இல்லாமற் போவர் என்று ஒரு சாராரும், அழிவு என்பது நிலைகெடுதலே அன்றி இன்மை அன்று என்று மறுசாராரும் வாதிடுகின்றனர். அச்சொல் முதலில் மறுமையைப் பற்றிப் பேசியதா என்ற வினாவை இரு சாராரும் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இவ்வினாவை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. இது சமயக் கோட்பாடு ஒன்றை நிறுவும் நோக்கமுடையதன்று. சொற்களின் வழக்கிடங்களையும் அவை கைமாறிய வரலாற்றையும் நிரல்படக் காட்டுவதே இதன் நோக்கம். விவிலிய எண்கள் தமிழ்ப் பதிப்புகளின் முறைப்படி தரப்பட்டுள்ளன.

2. அழிவைக் குறிக்கும் சொற்கள்

2.1 ஆவத்

அழிவுச் சொற்களுள் மிகுதியாக வழங்குவது 'ஆவத்' என்னும் வினையாகும். இதன் பொருட்பரப்பு விரிவானது. சவுலின் தந்தை கீசுவின் கழுதைகள் காணாமற்போனதைக் கூறுமிடத்து இச்சொல்லே வருகிறது (1 சாமுவேல் 9:3). வழிதவறிய ஆட்டைக் குறிப்பதும் இதுவே (சங்கீதம் 119:176). முதற்பலன் படைப்போர் தம் முன்னோனை அலைந்து திரிந்த அரமேயன் எனக் குறிப்பிடும் இடத்திலும் (உபாகமம் 26:5) இவ்வேரே உள்ளது. ஓரிரவில் முளைத்து ஓரிரவில் பட்டுப்போன யோனாவின் ஆமணக்கிற்கும் (யோனா 4:10), போரில் மடிந்த மக்களுக்கும் இச்சொல் பயன்படுகிறது. ஆகவே தொலைதல், அலைதல், கெடுதல், மடிதல் என்பன அனைத்தும் ஒரு வேரில் அடங்குகின்றன. கழுதைகள் பின்னர்க் கிடைத்தன, ஆமணக்கு மீளவில்லை. எது மீளும், எது மீளாது என்பதைச் சொல் உணர்த்துவதில்லை, சூழலே உணர்த்துகிறது.

இவ்வேரினின்று பிறந்த பெயர் 'அபத்தோன்' ஆகும். எபிரேயத்தின் 'பேத்' எழுத்து பகரமாகவும் வகரமாகவும் எழுத்துப்பெயர்க்கப்படுவதால் இவ்வேறுபாடு நேர்கிறது. தமிழில் வழங்கும் 'ஆபத்து' வடமொழி வழி வந்தது. அபத்தோனுடன் அதற்குள்ளது ஒலியொப்புமை மட்டுமே. எபிரேய விவிலியத்தில் அபத்தோன் ஆறு இடங்களில் மட்டும் வருகிறது: யோபு நூலில் மூன்று (26:6, 28:22, 31:12), நீதிமொழிகளில் இரண்டு (15:11, 27:20), சங்கீதங்களில் ஒன்று (88:11). ஆறும் செய்யுட் பகுதிகளே என்பது நோக்கத்தக்கது. பெரும்பாலும் அது ஷெயோல், சாவு, கல்லறை ஆகியவற்றிற்கு இணைச்சொல்லாக நிற்கிறது. இறந்தோர் யாவரும் சென்றடையும் ஆழத்தின் பெயராக அது நிற்கிறதேயன்றி, தீயோர் மட்டும் ஒறுக்கப்படும் இடமாக நிற்கவில்லை.

2.2 காரத், ஷாமத், காலா: 37ஆம் சங்கீதச் சான்று

'காரத்' என்பதற்கு வெட்டுதல் என்பது பொருள். மரம் வெட்டுதற்கும் உடன்படிக்கை செய்தற்கும் இவ்வினையே வழங்கும். 'ஷாமத்' என்னும் வேர் அடியோடு ஒழித்தலைக் குறிக்கும். நகரங்கள், இனங்கள், பலிமேடைகள் ஒழிக்கப்படுவதைக் கூறும் இடங்களில் இது மிகுதி. 'காலா' என்பது முடிதல், தீர்ந்துபோதல் என்னும் பொருளது.

இம்மூன்றும் ஆவத்துடன் சேர்ந்து 37ஆம் சங்கீதத்தில் வருகின்றன. முற்றழிவுக் கொள்கையினர் இச்சங்கீதத்தைத் தம் முதன்மைச் சான்றாகக் கொள்வர். இதில் காரத் வேர் மட்டும் ஐந்து முறை (9, 22, 28, 34, 38) வருகிறது. தீயோர் புகைபோல் மறைவர் என்ற உவமையும் (20) உள்ளது. எனினும் இச்சங்கீதத்தின் எதிர்நிலைச் சொற்களையும் உடன் நோக்குதல் வேண்டும். தீயோர் 'வெட்டப்படுவர்' என்பதற்கு எதிராக நல்லோர் 'நிலத்தை உரிமையாகப் பெறுவர்' என்றே மீண்டும் மீண்டும் கூறப்படுகிறது. இறுதியில் வெட்டப்படுவதாகக் கூறப்படுவது தீயோரின் 'அஹரீத்' ஆகும். இச்சொல் முடிவையும் பின்வருங்காலத்தையும் வழித்தோன்றல்களையும் குறிக்கும். எனவே இங்குப் பேசப்படும் அழிவு, நிலமும் பெயரும் மரபும் இன்றிப் போதல் என்னும் சமூக அழிவாகும். உயிர் பிழைத்திருக்குமா, இல்லாமற் போகுமா என்ற வினா அச்சங்கீதத்தின் எல்லைக்குள் இல்லை.

2.3 ஷஹத்

குழி என்று பொருள்படும் 'ஷஹத்' என்னும் பெயர் தனித்துக் கருதத்தக்கது. விலங்கை வீழ்த்த வெட்டும் குழியையும் கல்லறையையும் இது குறிக்கும். அழித்தல், கெடுத்தல் எனப் பொருள்படும் வினை ஒன்றும் இதே எழுத்துகளைக் கொண்டது. இவ்வொப்புமையால் இடமாகிய குழியும் நிகழ்வாகிய சிதைவும் ஒன்றோடொன்று மயங்கின. 16ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனத்தில் வரும் இச்சொல்லைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் 'சிதைவு' எனப் பெயர்த்தனர். உயிர்த்தெழுதலுக்குச் சான்றாக அவ்வசனம் அப்போஸ்தலர் நடபடிகளில் (2:27, 13:35) எடுத்தாளப்படுவது இக்கிரேக்கப் பொருளை அடிப்படையாகக் கொண்டதேயாகும்.

3. தண்டனையைக் குறிக்கும் சொற்கள்

தண்டனை என்பதற்கு நேரான பொதுச்சொல் ஒன்று எபிரேய விவிலியத்தில் இல்லை எனலாம். வெவ்வேறு துறைகளினின்று வந்த சொற்கள் அப்பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன.

முதலாவது 'பாகத்'. கணக்கெடுத்தல், கவனித்தல், நாடிவருதல் என்பன இதன் அடிப்படைப் பொருள்கள். கடவுள் சாராளை நாடிவந்து மகவு அளித்ததும் (ஆதியாகமம் 21:1), தந்தையரின் குற்றத்தைப் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்பதும் (யாத்திராகமம் 20:5) இச்சொல்லாலேயே கூறப்படுகின்றன. இதன் பெயர்வடிவமாகிய 'பெகுத்தா' ஏசாயாவில் (10:3) தீர்ப்பு நாளைக் குறிக்கிறது.

இரண்டாவது 'யாசர்' என்னும் வினையும் 'மூசார்' என்னும் பெயரும். இவை தந்தை மகனைத் திருத்துதல், ஆசான் மாணவனைக் கண்டித்தல் ஆகிய சூழல்களுக்கு உரியன. நீதிமொழிகளில் இச்சொல் மிகப் பயில்கிறது. திருத்தம் என்னும் நோக்கம் இதில் உள்ளடங்கியிருப்பதால் மீட்சிக் கொள்கையினர் இதனை விரும்பி எடுத்தாள்வர்.

மூன்றாவது 'ஆனஷ்' என்னும் வினையும் 'ஓனெஷ்' என்னும் பெயரும். இவை தொடக்கத்தில் பணத்தண்டத்தைக் குறித்தன. மனைவிமீது அவதூறு கூறியவன் செலுத்த வேண்டிய 100 வெள்ளிக்காசு (உபாகமம் 22:19) இவ்வினையால் கூறப்படுகிறது. எகிப்திய மன்னன் நேகோ யூதேயா நாட்டின்மீது சுமத்திய 100 தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் 'ஓனெஷ்' எனப்பட்டன (2 இராஜாக்கள் 23:33). பிற்கால ரபிமார் வழக்கில் இச்சொல்லே நற்பயனுக்கு எதிரான 'தண்டனை' என்னும் கோட்பாட்டுச் சொல்லாக உயர்ந்தது. தமிழில் 'தண்டம்' என்பது கோலையும் பணத்தையும் ஒறுத்தலையும் குறிப்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

நான்காவது 'ஆவோன்'. இது குற்றத்தையும் குற்றத்தின் விளைவையும் ஒருங்கே குறிக்கும். காயீன் தன்னால் தாங்க இயலாதது எனக் கூறுவது (ஆதியாகமம் 4:13) அவன் செய்த குற்றமா, பெற்ற தண்டனையா என்பது உரையாசிரியர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. வினையும் விளைவும் ஒரே சொல்லில் அடங்கும் இக்கருத்து, தண்டனையைப் புறத்தேயிருந்து சுமத்தப்படும் ஒன்றாக மட்டும் காணாத பழைய சிந்தனையைக் காட்டுகிறது.

இச்சொற்கள் நான்கும் நாடு, குடும்பம், வழக்குமன்றம் ஆகியவற்றைக் களமாகக் கொண்டவை. மறுமையைப் பற்றி இவை தாமாக எதுவும் கூறுவதில்லை.

4. இடமும் காலமும்: ஷெயோல், கேஹின்னோம், ஓலாம்

'ஷெயோல்' எபிரேய விவிலியத்தில் ஏறத்தாழ 65 இடங்களில் வருகிறது. அது இருளும் அமைதியும் நிறைந்த கீழுலகம். யாக்கோபும் அங்கு இறங்குவதாகவே எண்ணுகிறான்; பகைவரும் அங்கு இறங்குகின்றனர். 1611ஆம் ஆண்டின் ஆங்கில அரசர் பதிப்பு இவ்வொரு சொல்லை 31 இடங்களில் நரகம் என்றும், 31 இடங்களில் கல்லறை என்றும், 3 இடங்களில் குழி என்றும் பெயர்த்தது. நல்லோர் இறங்கும்போது கல்லறையாகவும் தீயோர் இறங்கும்போது நரகமாகவும் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டமையால், மூலத்தில் இல்லாத பாகுபாடு ஒன்று வாசகர் உள்ளத்தில் நிலைபெற்றது. 1885இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் பழைய ஏற்பாடு பல இடங்களில் ஷெயோல் என்ற சொல்லையே வைத்துக்கொண்டமை இக்குழப்பத்தை உணர்ந்ததன் விளைவாகும்.

'கேஹின்னோம்' முதலில் ஓர் ஊர்ப்பெயர். எருசலேமின் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கு, யூதா கோத்திரத்தின் எல்லையாக யோசுவா நூலில் (15:8) குறிக்கப்படுகிறது. அங்கிருந்த தோப்பேத்தில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட வழக்கத்தை யோசியா மன்னன் ஒழித்தான் (2 இராஜாக்கள் 23:10). எரேமியா அதனைக் கொலையின் பள்ளத்தாக்கு எனப் பெயரிட்டுப் பழித்தார் (19:6). பள்ளத்தாக்கின் பெயர் மறுமைத் தண்டனைக்களத்தின் பெயராக மாறியமைக்கு இவ்வரலாற்று நினைவே போதிய காரணமாகும். அங்கு நகரக் குப்பை ஓயாது எரிந்தது என்ற விளக்கம் இன்று பரவலாக வழங்குகிறது. அது 1200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ரபி தாவீது கிம்ஹியின் சங்கீத உரையில் காணப்படும் செய்தியாகும். பண்டைய எழுத்துச் சான்றோ தொல்லியல் சான்றோ அதற்கு இல்லை.

'ஓலாம்' காலத்தைக் குறிக்கும் சொல். கண்ணுக்கெட்டாத நெடுங்காலம் என்பது இதன் பொருள். அதன் நீளம் பொருளுக்கேற்ப மாறும். காது துளைக்கப்பட்ட அடிமை 'ஓலாம்' வரை பணிபுரிவான் (யாத்திராகமம் 21:6) என்பது அவன் வாழ்நாளைக் குறிக்கும். ரபிமாரோ யூபிலி ஆண்டு வரை எனக் கொண்டனர். மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்த யோனா, பூமியின் தாழ்ப்பாள்கள் தன்னை 'ஓலாம்' அளவும் அடைத்ததாகக் கூறுகிறான் (2:6). கடவுளைப் பற்றிக் கூறும்போது இதே சொல் முடிவின்மையைக் குறிக்கிறது. ஆகவே ஓலாம் என்னும் சொல்லைக் கொண்டு மட்டும் தண்டனை முடிவுள்ளது என்றோ முடிவற்றது என்றோ நிறுவ இயலாது.

5. திருப்புமுனை: தானியேலும் குமரான் சுவடியும்

ஏசாயாவின் இறுதி வசனம் (66:24) கடவுளுக்கு எதிராகக் கிளர்ந்தோரின் பிணங்களைப் பற்றியது. அவற்றின் புழு சாகாது, தீ அவியாது, காண்போருக்கு அவை 'தேராவோன்' ஆகும். அருவருப்பு எனப் பொருள்படும் இவ்வரிய சொல் எபிரேய விவிலியத்தில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று தானியேல் 12:2. அங்கு, மண்ணின் தூளில் உறங்குவோருள் பலர் எழுவர் என்றும், சிலர் ஓலாம் வாழ்விற்கும் சிலர் ஓலாம் தேராவோனுக்கும் எழுவர் என்றும் கூறப்படுகிறது.

தானியேலின் இப்பகுதி, அந்தியோகு எபிப்பானேசின் அடக்குமுறை நிகழ்ந்த கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனப் பெரும்பாலான ஆய்வாளர் கொள்வர். நெறிதவறாதோர் அந்நெறியின் பொருட்டே கொல்லப்பட்ட காலம் அது. நல்லோர் நிலத்தைப் பெறுவர், தீயோர் வெட்டப்படுவர் என்ற 37ஆம் சங்கீதத்தின் உறுதிமொழி கண்முன்னே பொய்த்தது. அவ்வுறுதிமொழியைக் காக்க வேண்டுமாயின் அதன் களத்தை இறப்பிற்கு அப்பால் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ஏசாயாவின் பிணங்களைக் குறித்த சொல் இவ்வாறு எழுப்பப்பட்டோரைக் குறிக்கும் சொல்லாயிற்று. சொல் ஒன்றே, அதன் களம் மாறியது.

1947இல் குமரான் முதற்குகையில் கிடைத்த சமூக ஒழுங்குச் சுவடி இம்மாற்றத்தின் அடுத்த நிலையைக் காட்டுகிறது. அதன் நான்காம் பத்தி, பொய்யின் ஆவியில் நடப்போர்க்கு வரும் 'பெகுத்தா'வை விளக்குகிறது. அழிவின் தூதர்களால் வரும் வாதைகள், என்றுமுள்ள ஷஹத், முடிவற்ற அச்சம், இருளிடங்களின் தீ ஆகியன அடுக்கப்படுகின்றன. அடுத்து, எச்சமோ தப்பியவரோ இன்றி அவர்கள் முடிந்துபோகும் வரை இது நிகழும் என்று கூறப்படுகிறது. முடிவிலா வேதனையும் முற்றழிவும் ஒரே வாக்கியத் தொடரில் அருகருகே நிற்கின்றன. இவை முரண்படுவனவாக அச்சுவடியின் ஆசிரியருக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தார் தனித்தனிக் கட்சிகளாகப் பிரித்தவை அவருக்கு ஒரே தீர்ப்பின் கடுமையை உணர்த்தும் சொற்களாகவே இருந்தன.

6. கிரேக்கத்திற்குச் சென்ற சொற்கள்

எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் எபிரேயத்தின் பல்வேறு அழிவுச் சொற்கள் சில கிரேக்கச் சொற்களுக்குள் ஒடுங்கின. 'அப்போல்லுமி' என்னும் ஒரு வினை முப்பதுக்கும் மேற்பட்ட எபிரேயச் சொற்களுக்கு நிகராக வைக்கப்பட்டது. காரத், ஷாமத் ஆகிய இரண்டும் 37ஆம் சங்கீதத்தில் ஒரே கிரேக்க வினையால் பெயர்க்கப்பட்டன. ஷெயோல் 'ஹாதேஸ்' ஆயிற்று. அபத்தோன் 'அப்போலெயா' எனப் பொதுப்பெயராயிற்று. வெளிப்படுத்தின விசேஷமோ (9:11) அபத்தோனைப் பாதாளத் தூதனின் பெயராக்கி, அதற்கு 'அப்பொல்லியோன்', அதாவது அழிப்பவன், எனக் கிரேக்கப் பெயரும் தருகிறது.

தண்டனைச் சொற்களிலும் இத்தகைய மாற்றம் உண்டு. மத்தேயு 25:46இல் வரும் 'கொலாசிஸ்' என்னும் சொல்லைப் பற்றி விரிவான விவாதம் நிகழ்ந்துள்ளது. திருத்தும் நோக்குடைய தண்டனை கொலாசிஸ் என்றும், பழிதீர்க்கும் தண்டனை 'திமோரியா' என்றும் அரிஸ்டாட்டில் வேறுபடுத்தியதை மீட்சிக் கொள்கையினர் எடுத்துக்காட்டுவர். ஆனால் எசேக்கியேலின் கிரேக்க வடிவத்தில் (14:3, 18:30) கொலாசிஸ் என்பது 'மிக்ஷோல்', அதாவது இடறுகல், என்ற எபிரேயச் சொல்லுக்கு நிகராக வருகிறது. மெய்யியலாரின் வரையறை யூதக் கிரேக்க வழக்கில் அப்படியே பின்பற்றப்பட்டது எனக் கொள்வதற்கு இச்சான்று இடந்தரவில்லை.

7. ரபிமார் விவாதங்கள்

காரத் வினையினின்று பிறந்த 'காரேத்' யூதச் சட்டத்தில் ஒரு தண்டனையின் பெயராகும். கடவுளே குற்றவாளியை அவன் மக்களினின்று வெட்டியெறிதல் என்பது அதன் கருத்து. இதற்குரிய குற்றங்கள் 36 என மிஷ்னாவின் கெரித்தோத் பகுதி தொகுத்துரைக்கிறது. அது எவ்வாறு நிறைவேறும்? 50 வயதில் நேரும் இறப்பே காரேத் இறப்பு என்று தால்மூத்தின் மோஎத் காத்தான் பகுதி (28அ) கூறுகிறது. இவ்விளக்கம் இம்மைக்கு உரியது.

மறுமை விளக்கம் எண்ணாகமம் 15:31ஐ ஒட்டி எழுந்தது. அங்கு 'வெட்டப்படும்' என்னும் வினை அழுத்தத்தின் பொருட்டு இரட்டித்து வருகிறது. ரபி அகிவா, ஒன்று இவ்வுலகில் வெட்டப்படுதலையும் மற்றொன்று வரும் உலகில் வெட்டப்படுதலையும் குறிக்கும் என்றார். ரபி இஸ்மாயேல் இதனை மறுத்தார். முந்தைய வசனத்திலும் அவ்வினை வருவதால் உலகங்கள் மூன்று எனக் கொள்ள நேருமே என்று வினவி, இரட்டிப்பு மனிதர் பேச்சு வழக்கே என்றார் (சன்ஹெத்ரின் 64ஆ). எனினும் முந்தைய வசனத்தை இம்மைக்கும் இவ்வசனத்தை மறுமைக்கும் உரியதாக அவரும் கொண்டார். இலக்கண முறையில் இருவரும் வேறுபட்டனர்; மறுமை உண்டு என்பதில் வேறுபடவில்லை. சொற்பொருள் ஆய்வு கோட்பாட்டைப் பின்தொடர்ந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கேஹின்னோமின் கால அளவும் விவாதிக்கப்பட்டது. தீயோர்க்கு அங்கு 12 மாதங்களே என அகிவா கூற, பஸ்கா முதல் பெந்தெகொஸ்தே வரையே என ரபி யோகனான் பென் நூரி கூறினார் (எதுயோத் 2:10). ரோஷ் ஹஷானா (16ஆ–17அ) பகுதி இதனை மேலும் விரிக்கிறது. நன்மையும் தீமையும் சமமாக உடையோர் கேஹின்னோமில் இறங்கிக் கதறி மீண்டெழுவர் என ஷம்மாய் பள்ளியினர் கருதினர். ஹில்லேல் பள்ளியினர் இறையிரக்கம் அவர்கள் பக்கம் சாயும் என்றனர். உடலாற் பாவம் செய்தோர் 12 மாதத் தீர்ப்பிற்குப்பின் உடல் அழிந்து, உயிர் எரிந்து, நல்லோரின் காலடியில் சாம்பலாகத் தூவப்படுவர். மல்கியா 4:3 இதற்குச் சான்று. காட்டிக்கொடுப்போர், கொள்கை மறுப்போர் முதலியோரோ தலைமுறை தலைமுறையாக ஒறுக்கப்படுவர். கேஹின்னோம் முடிந்தாலும் அவர்கள் முடியார். இதற்கு ஏசாயா 66:24 சான்று. மீட்சி, முற்றழிவு, நெடிய வேதனை ஆகிய மூன்றும் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் மூவகை மக்களுக்குப் பங்கிடப்பட்டுள்ளன.

எருவின் பகுதியில் (19அ) ரபி யோசுவா பென் லேவி, கேஹின்னோமுக்கு ஏழு பெயர்கள் உண்டென்கிறார். ஷெயோல், அபத்தோன், ஷஹத்தின் கிணறு, இரைச்சலின் குழி, உளைச்சேறு, சாவின் நிழல், கீழுலகு என்பன அவை. புலம்பலிலும் வேண்டுதலிலும் வழங்கிய செய்யுட் சொற்கள் இங்கு இடப்பெயர்ப் பட்டியலாக நிலைபெற்றன.

8. மைமோனிடசும் நாக்மனிடசும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடஸ் தம் மிஷ்னே தோராவில் (மனந்திரும்புதல் பற்றிய சட்டங்கள், 8ஆம் அதிகாரம்) காரேத் என்பதற்குத் தெளிவான வரையறை தந்தார். மறுமை வாழ்வைப் பெறாமல் உயிர் அற்றுப்போதலே அது. அதனினும் பெரிய தண்டனை இல்லை. அபத்தோன், ஷஹத்தின் கிணறு, தோப்தே முதலியன இவ்வழிவைக் குறிக்க இறைவாக்கினர் ஆண்ட உருவகங்களே என்றார். யோசுவா பென் லேவி இடப்பெயர்களாக எண்ணியவற்றுள் சில இங்கு உருவகங்களாக மீட்கப்பட்டன. ஆயினும் அதே நூலின் மூன்றாம் அதிகாரத்தில், மறுமையில் பங்கில்லாதோர் வெட்டப்பட்டு அழிவதோடு என்றென்றும் தீர்ப்பிடப்படுவர் எனவும் அவர் எழுதினார். இவ்விரு கூற்றுகளையும் பொருத்திக் காட்டுவது உரையாசிரியர்க்குரிய பணியாயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாக்மனிடஸ், 'ஷஆர் ஹகெமூல்' என்னும் பகுதியில் கேஹின்னோம் உயிர்கள் உண்மையாகவே ஒறுக்கப்படும் களம் என நிறுவ முயன்றார். லேவியராகமம் 18:29இன் உரையில் காரேத்தை மூவகையாகப் பிரித்தார். வாழ்நாள் குறைதல் ஒருவகை; உயிர் மறுமையினின்று வெட்டப்படுதல் மற்றொருவகை; இரண்டும் சேர்ந்து நேர்தல் மூன்றாம் வகை. மைமோனிடஸ் மெய்யியல் நோக்கில் உயிரின் இயல்பிலிருந்து தொடங்கினார். நாக்மனிடஸ் தால்மூத் செய்திகளைக் காக்கும் நோக்கில் தொடங்கினார். இருவர் முன்னும் இருந்த எபிரேயச் சொல் ஒன்றே.

9. ஆம்ஸ்டர்டாம்: சொல்லாராய்ச்சியும் வாழ்க்கைச் சிக்கலும்

இவ்விவாதம் ஏட்டளவில் நின்றதன்று என்பதைப் பதினேழாம் நூற்றாண்டின் ஆம்ஸ்டர்டாம் காட்டுகிறது. அங்கு வாழ்ந்த போர்த்துகீசிய யூதர் பலர், ஐபீரியத் தீபகற்பத்தில் கட்டாயத்தால் கிறித்தவராக்கப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர். அவர்தம் பெற்றோரும் உறவினரும் பலர் கிறித்தவராகவே இறந்திருந்தனர். வேறு சிலர் இன்னும் அங்கேயே வாழ்ந்தனர். அவர்கள் வெட்டப்பட்டவர்களா என்பது அக்குடும்பங்களுக்கு இலக்கணச் சிக்கலாக இருந்திருக்க முடியாது.

ஊரியேல் தா கோஸ்தா, தோராவில் உயிரின் அழியாமை போதிக்கப்படவில்லை என 1624இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவருக்கு மறுப்பாகச் சாமுவேல் தா சில்வா 1623இலேயே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். தா கோஸ்தாவின் நூற்படிகள் எரிக்கப்பட்டன. தப்பிய படி ஒன்று 1990இல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டறியப்பட்டது.

1635ஐ ஒட்டி, ரபி சவுல் லேவி மொர்த்தெய்ரா கொடிய பாவிகளுக்குத் தண்டனை முடிவற்றது எனப் போதித்தார். ரபி இசாக் அபோவாப் தா பொன்சேகா இதனை எதிர்த்தார். இஸ்ரயேலர் யாவருக்கும் மறுமையில் பங்குண்டு என்ற மிஷ்னாக் கூற்றையும் (சன்ஹெத்ரின் 10:1), உயிர்கள் மறுபிறவியால் தூய்மையுறும் என்ற கபாலா மரபையும் அவர் துணையாகக் கொண்டார். வழக்கு வெனிஸ் ரபிமாரிடம் சென்றது. அவர்கள் அபோவாபின் கருத்தை ஏற்கவில்லை. அலெக்சாந்தர் ஆல்ட்மன் 1972இல் வெளியிட்ட ஆய்வு இவ்விவாதத்தின் ஆவணங்களை விரிவாக எடுத்துரைத்தது. மொர்த்தெய்ராவின் நிலைப்பாடு, திரும்பிவரத் தயங்குவோரை எச்சரிக்கும் தேவையோடு இயைந்தது. அபோவாபின் நிலைப்பாடு, இறந்தோரைக் கைவிடாத தேவையோடு இயைந்தது. ஒரே சான்றுநூல்களினின்று இருவேறு முடிபுகள் பிறந்தமைக்கு இச்சூழலும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

10. பிற்காலக் கிறித்தவ விவாதமும் தமிழ் மொழிபெயர்ப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. எட்வர்டு ஒயிட் 1846இல் அழியாமை இயல்பானதன்று, அருளப்படுவது என வாதிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் 1877இல் பரார் ஆற்றிய அருளுரைகளும், அவற்றிற்கு 1880இல் பூசி எழுதிய மறுப்பும் ரபிமார் வழக்கில் கேஹின்னோம் முடிவுள்ளதா என்பதையே ஒரு மையமாகக் கொண்டன. இரு தரப்பினரும் தால்மூத்தினின்று சான்று காட்ட இயன்றமைக்குக் காரணம் மேலே கண்டவாறு தால்மூத்திலேயே இரண்டும் இருந்தமையாகும்.

தமிழ் விவிலியம் இவ்வரலாற்றின் மற்றொரு கட்டமாகும். சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1714–1715இல் தரங்கம்பாடியில் அச்சேறியது முதல், எபிரேய, கிரேக்கச் சொற்களுக்குத் தமிழ் நிகர்ச்சொல் காணும் பணி தொடர்ந்தது. இன்றும் பழைய திருப்புதல் எனப் பரவலாக வழங்கும் பதிப்பில் ஷெயோல், ஹாதேஸ் ஆகியன பாதாளம் என்றும், கெஹென்னா நரகம் என்றும் அமைந்துள்ளன. ஆங்கில அரசர் பதிப்பு மயக்கிய இடத்தைத் தமிழ் பெரிதும் தெளிவாகப் பிரித்தது. அதே வேளையில், நரகம் என்னும் சொல் இந்தியச் சமயங்களில் வினைப்பயன் தீரும் வரையுள்ள இடத்தைக் குறிப்பது. அப்பொருட்சாயல் தமிழ் வாசகர் உள்ளத்தில் உடன் வருவது இயல்பு.

அப்போல்லுமி என்னும் கிரேக்க வினையைத் தமிழ் இரண்டாகப் பிரித்தது. யோவான் 3:16இல் அது 'கெட்டுப்போ' என்றும், லூக்கா 15ஆம் அதிகாரத்தின் ஆடு, இளைய மகன் கதைகளில் 'காணாமற்போ' என்றும் வருகிறது. மூலத்தில் ஒன்றாக ஒலிப்பது தமிழில் இரண்டாக ஒலிப்பதால், கெட்டுப்போனவரும் காணாமற்போனவரும் வேறு வேறு என்ற எண்ணம் எழக்கூடும். 'கெடு' என்பதற்குத் தொலைத்தல், இழத்தல் என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. அவ்வகையில் எபிரேய ஆவத்தின் பொருட்பரப்போடு மிக நெருங்கி வருவது தமிழின் 'கெடு' எனலாம்.

11. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

எபிரேய விவிலியத்தின் அழிவு, தண்டனைச் சொற்கள் தொடக்கத்தில் நிலம், குடும்பம், வழக்கு, கல்லறை ஆகியவற்றைச் சார்ந்தவை. அவை மறுமையில் உயிரின் நிலையை வரையறுக்க எழுந்தவை அல்ல.

நன்னெறியாளர் கொல்லப்பட்ட வரலாற்று நெருக்கடியில் அச்சொற்களின் களம் மறுமைக்கு மாறியது. தானியேலும் குமரான் சுவடியும் இம்மாற்றத்தின் தெளிவான சான்றுகள். அந்நிலையில் முற்றழிவும் முடிவிலா வேதனையும் எதிரெதிர்க் கோட்பாடுகளாகப் பிரியவில்லை.

உருவகமாகப் பிறந்த சொற்கள் ரபிமாரிடம் இடப்பெயர்களாயின. மைமோனிடசிடம் மீண்டும் உருவகங்களாயின. ஒவ்வொரு கட்டத்திலும் சொற்பொருள் ஏற்கெனவே கொள்ளப்பட்ட கோட்பாட்டைச் சார்ந்தே தெரிவு செய்யப்பட்டது.

ஆகவே வேர்ச்சொல் ஆய்வு ஒன்றே இவ்விவாதத்தில் எத்தரப்பிற்கும் வெற்றி தாராது. சொல் யாரால், எச்சூழலில், யாரைக் குறித்து ஆளப்பட்டது என்பதை வரலாற்று நோக்கில் காண்பதே ஆய்வாளர் கடன். ஆம்ஸ்டர்டாமின் குடும்பங்கள் கேட்டது ஒரு சொல்லின் பொருளை மட்டுமன்று. இறந்துபோன தம் தாய்தந்தையர் மீளாது தொலைந்தவரா, மீளக் கிடைப்பவரா என்பதை. கழுதைகளுக்கும் ஆமணக்கிற்கும் பொதுவான ஆவத் என்னும் சொல்லில் இவ்விரு பொருளும் தொடக்கம் முதலே உடனிருந்தன. தமிழ் விவிலியப் பதிப்புகளில் இச்சொற்களின் நிகரன்களைக் காலமுறையில் ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.